படுத்துக்கொண்டு இறங்க முடியாத வீடு

இப்போது கண்டியில் வீடு விற்கிற தம்பிமார் வானத்திலிருந்து படம் பிடிக்கிறார்கள். நல்ல முன்னேற்றம். மேலேயிருந்து பார்த்தால் கண்டியில் எல்லா வீடும் சமதரையில் இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்து மயங்கிய கொழும்புக்காரர் காரில் வந்து இறங்குகிறார். "எங்கே வீடு?" என்கிறார். தம்பி காட்டும் திசையில் தலையை நிமிர்த்துகிறார், இன்னும் நிமிர்த்துகிறார், கழுத்து வலிக்கும்வரை நிமிர்த்திவிட்டு மறுபடி காரில் ஏறிப் போய்விடுகிறார். போன மாதம் இப்படி ஓர் ஆளைப் பறிகொடுத்த தம்பி ஒருவர் என்னைத் தேடி வந்து, "அங்கிள், உங்கட காலத்துல இத எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டார்.

சமாளிக்கவில்லை, ஏற்றினோம். அதற்கென்று ஒரு முறை இருந்தது. தம்பிக்கு வாயால் சொன்னேன். அவர் பாதியில் போனைப் பார்க்கத் தொடங்கியதால் மீதியை இங்கே எழுதுகிறேன்.

என் கல்வியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நல்ல பாடசாலை, லத்தீன் உட்பட. சட்டம் படிக்கப் போவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டு, ஒரு நொத்தாரிசுவின் கந்தோரில் காணி உறுதிப் பத்திரம் எழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். காணி உறுதிகளில் எத்தனை சகோதரர்கள் ஒரு பலாமரத்தின் பதினாறில் ஒரு பங்குக்காகப் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள் என்பதை அங்கேதான் கற்றேன். பிறகு வீடு காணித் தரகுக்கு வந்தேன். வாழ்க்கையில் மேலே ஏறினேன் என்று சொல்ல வேண்டுமானால் அது இந்தத் தொழிலில்தான். தினமும் ஏறினேன்.

என் முதலாளி அக்குறணை ஹாஜியார். கட்டுகஸ்தோட்டையில் அவருக்கு ஒரு பாத்திரக்கடை. முன்னால் அலுமினியச் சட்டி, பின்னால் ஒரு மேசை, இரண்டு கதிரை, அதுதான் வீடு காணிப் பகுதி. வீடு வாங்க வந்தவர் வீடு பிடிக்காமல் திரும்பினாலும் வெறுங்கையோடு போகமாட்டார். ஒரு இடியப்பத் தட்டாவது வாங்கிக்கொண்டுதான் போவார்.

ஹாஜியார் ஒரு வீட்டைப் பற்றி ஒருபோதும் வாய்திறந்து புகழ்ந்ததில்லை. அவருடைய திறமையெல்லாம் நிற்பதில் இருந்தது. வாங்க வந்தவரோடு மலைப்பாதையில் ஏறுவார். அவருக்கு மூச்சு வாங்குவதற்குச் சற்று முன்பு, சரியாக அந்த இடத்தில், தாமாகவே நிற்பார்.

"இந்தா பாருங்க, வாவி தெரியுது."

வந்தவர் வாவியைப் பார்ப்பார். மூச்சு திரும்பும். தமக்கு மூச்சு வாங்கவிருந்தது என்பதே அவருக்குத் தெரியாது. வாவி தெரியாத திருப்பத்தில் எதிர்மலையைக் காட்டுவார். எதுவுமே தெரியாத இடமென்றால் காற்றைக் காட்டுவார். "இந்தக் காத்துக்குக் கொழும்புல காசு கேப்பானுகள்." இப்படியே வாசல்வரை கொண்டுவந்துவிடுவார். வாங்கியவர் குடிவந்து, முதல்நாள் மரக்கறிப் பையோடு தனியே ஏறும்போதுதான் தாம் வாங்கியது என்ன என்று உணர்வார். அதற்குள் உறுதி பதிவாகியிருக்கும்.

வீட்டுக்குள் போனால் முதலில் சமையலறை. மண்டபத்தைக் கணவன்மார் பார்ப்பார்கள், கணவன்மார் எதையும் தீர்மானிப்பதில்லை என்பது ஹாஜியாரின் கட்சி. கூரையில் குரங்கு வந்தால் அதற்கும் ஒரு நடைமுறை வைத்திருந்தார். "பாக்காத மாதிரி ஈங்க பெனடிக்ட்," என்பார் என்னிடம். "நாம பாத்தா அவரும் பாப்பார்." ஒருமுறை ஒரு டொக்டர் அம்மா யன்னலோரம் நின்று, "இங்கே குரங்கு வருமா?" என்று கேட்டபோது, அவருக்குப் பின்னால் ஒரு குரங்கு அவருடைய கைப்பையைத் திறந்துகொண்டிருந்தது. ஹாஜியார் அசையாமல், "இடைக்கிடை வாரது" என்றார்.

ஆனால் இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒரு நடைமுறை இருந்தது. விளம்பரம் போடுவதற்கு முன்பு, உறுதியைப் பார்ப்பதற்கும் முன்பு, வீடு இருக்கும் சிறு தெருவின், அதாவது ஒழுங்கையின், மரண உதவிச் சங்கச் செயலாளரைப் போய்ப் பார்க்கவேண்டும்.

நம் ஊரில் இந்தச் சங்கம் இல்லாத ஒழுங்கை இல்லை. யார் செத்தாலும் தகரப் பந்தல், பிளாஸ்டிக் கதிரை, தேநீர்க் கோப்பை, வெள்ளைக்கொடி எல்லாம் சங்கத்திலிருந்து வரும். பெட்டி தூக்கவும் சங்கத்து ஆட்கள்தான். பௌத்தர், கத்தோலிக்கர், சைவர் என்ற பேதம் அங்கே இல்லை, பாரம் எல்லோருக்கும் ஒன்றுதான். புது வீட்டுக்குக் குடிவந்தவரை முதலில் தேடி வருபவரும் செயலாளர்தான். சந்தாவை வாங்கிக்கொண்டு, "இனி எப்ப வேணும்னாலும் பயமில்லாம சாகலாம்" என்று வாழ்த்திவிட்டுப் போவார். எந்த வீட்டுக்கு எந்த வீட்டோடு பேச்சில்லை, எவருடைய மதிலில் எவருடைய தண்ணீர் இறங்குகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கிராம சேவகரிடம் இதெல்லாம் கிடைக்காது. அவரிடம் முத்திரை மட்டும் கிடைக்கும்.

இந்த நடைமுறையை ஒழுங்காகப் பின்பற்றியும் என் தலைமயிரைப் பாதியாக்கிய ஒரு வீடு இருக்கிறது. அம்பிட்டியப் பக்கம், ஒரு ஒழுங்கையின் கோடியில். வயலட் நோனாவின் வீடு.

வயலட் நோனா ஆஸ்பத்திரியில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற தாதி. நீர்கொழும்பில் இருக்கும் தங்கையோடு போய்ச் சேரப்போகிறார், அதனால் விற்கிறார். சிறிய வீடு, அதைச் சுற்றி நல்ல வளவு, கண்டிக்கு அதிசயமாகச் சமதரை. வாங்க வந்தவர் புஷ்பராணி டீச்சர்.

டீச்சர் பிறந்தது புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். படித்து ஆசிரியையாகி, கணவர் இறந்தபின் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்து அனுப்பிவிட்டு, கண்டியில் வாடகை வீடு வாடகை வீடாக மாறிக்கொண்டிருந்தவர். முதல்நாள் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அவர் கேட்டது மூன்று அறையோ மாபிள் தரையோ இல்லை.

"சேர், சின்ன வயசில எங்களுக்கு வர்ற கடுதாசியெல்லாம் தோட்டத் தொரையோட பேரப் போட்டு, அவர் ஊடாகன்னு வரும். பெறகு வீட்டுக்காரர் ஊடாக. இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான். யார் ஊடாகவும் இல்லாம எனக்குன்னு ஒரு வெலாசம் வேணும் சேர். அவ்வளவுதான்."

வங்கி கடன் தர ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் ஓய்வுபெறும் வயதுக்குள் கடனைக் கட்டிமுடிக்க வேண்டும் என்பது விதி. அந்த மாத முடிவோடு அவர் கடன் வாங்கக்கூடிய வயதைத் தாண்டிவிடுவார். அதற்குப் பிறகு இந்த வங்கியும் இல்லை, வேறு வங்கியும் இல்லை.

நான் உறுதியைப் பார்த்தேன், சுத்தம். காணிப் பதிவுக் கந்தோரில் தேடினேன், சுத்தம். மாநகர சபைச் சான்றிதழ், வரிப் பற்றுச்சீட்டு, எல்லாம் சுத்தம். வங்கியின் சட்டத்தரணி பிளானை விரித்து வைத்து ஒரு விரலை ஓர் இடத்தில் வைத்தார். "மிஸ்டர் பெனடிக்ட், இந்த வீட்டுக்கு ஆட்கள் எப்படிப் போகிறார்கள்? பறந்தா?"

பிரச்சினை இதுதான். ஒழுங்கையிலிருந்து வயலட் நோனாவின் வளவுக்குப் போகும் பாதை பக்கத்து வீட்டுக்காரரின் காணி. முச்சக்கர வண்டி போகுமளவு அகலம், சிமெந்து போட்டிருக்கிறது, முப்பது வருடமாக நோனா அதில்தான் போய்வருகிறார். ஆனால் எந்த உறுதியிலும் அந்தப் பாதை உரிமை எழுதப்படவில்லை. வழக்குப் போட்டால் நீண்டகாலப் பாவனையைக் காட்டி நிச்சயம் வெல்லலாம். தீர்ப்பைக் கேட்க டீச்சரின் பேரப்பிள்ளைகள் போவார்கள். ஆக, பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போடவேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் திசாநாயக்க, ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். ஹற்றன், தலவாக்கலை, நானுஓயா என்று மலையில் வேலைபார்த்ததில் தமிழை நன்றாகப் பிடித்துக்கொண்டவர். என்னைவிட நல்ல தோட்டத்துத் தமிழ் பேசுவார். மனைவி இத்தாலியில் மகளோடு, பேரப்பிள்ளை பார்க்க. அந்த ஒழுங்கையின் மரண உதவிச் சங்கத் தலைவரும் அவர்தான். அவர் தலைமையில் ஒரு சவ ஊர்வலமும் தாமதமானதில்லை. ஆள் சாவதில்தான் முன்பின் ஆகலாம், புறப்படுவதில் ஆகாது.

அவர் வீடு அந்தப் பாதைக்கு மேலே, மேட்டில் இருக்கிறது. பாறைக்கும் அணைச்சுவருக்கும் நடுவே ஒடுங்கிய படிக்கட்டு, பாதியில் மடக்கிய முழங்கை போல ஒரு திருப்பம். ஏறிப் போனேன். பிளேன்டீ தந்தார்.

"மிஸ்டர் பெனடிக்ட், அந்த நோனா என் ரோட்ல நடக்கிறத நான் தடுத்தேனா?"

"இல்லை."

"வண்டி போறதத் தடுத்தேனா?"

"இல்லை."

"அப்புறம் பேப்பர் எதுக்கு?"

"வங்கி கேட்கிறது."

"வங்கியா அதுல நடக்கப் போவுது?" கோப்பையை வைத்தார். "இங்க பாருங்க. இத்தன வருசம் அந்தம்மா என் லைன்ல டிக்கட் இல்லாம போறாங்க. நான் புடிக்கல. ஆனா சீசன் டிக்கட் எழுதிக் குடுன்னு கேட்டா குடுக்க மாட்டேன்."

காரணம் ஒரு விசில். சண்டையைப் பற்றிச் சங்கத்தில் முதலிலேயே சொல்லியிருந்தார்கள், ஆனால் பாதை உறுதியில் இல்லை என்பது அங்கேயும் யாருக்கும் தெரியாது. ஓய்வுபெற்ற பிறகு திசாநாயக்க தினமும் காலை தம்முடைய பழைய விசிலை ஊதிக் குரங்குகளைத் துரத்தினார். குரங்குகள் அதைப் பொருட்படுத்தவில்லை. அப்போது இன்னும் தாதி வேலையில் இருந்து, இரவு வேலை முடித்துவந்து தூங்கிய வயலட் நோனா பொருட்படுத்தினார். பொலிஸில் முறைப்பாடு செய்தார். பொலிஸார் விசிலை வாங்கிப் பார்த்து, ஒருமுறை ஊதியும் பார்த்து, இரண்டு பேரையும் சமாதானமாக இருக்கச் சொல்லி அனுப்பினார்கள். அன்று திசாநாயக்க சபதம் செய்தார்: உயிரோடு இருக்கும்வரை அந்த நோனாவின் வளவில் கால் வைப்பதில்லை. நோனாவின் வளவோடு சமமட்டமாக இருந்த அவர் வீட்டுப் பின்கதவுக்கும் அந்த வளவுக்கும் நடுவே, ஒரு காலத்தில் பலகாரத் தட்டு போய்வந்த இடத்தில், முள்ளுக்கம்பி வந்தது.

நான் முயலாத வழியில்லை. விகாரையிலிருந்து பிக்குவை, ஹாமுதுருவை, அழைத்துப் போனேன். அவர் சபதத்தை உடைக்கச் சொல்வது பாவமா புண்ணியமா என்று யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். எங்கள் பங்குத் தந்தையை அனுப்பினேன். அவர் ஒரு பை பட்டர்புரூட்டோடு திரும்பிவந்து, "நல்ல மனுஷன்" என்றார். ஹாஜியாருக்குப் போன் செய்தேன்.

"அந்த ஊட்ட உடுங்க பெனடிக்ட். கண்டில வேற ஊடே இல்லையா?"

அதையே டீச்சரிடம் சொன்னேன். பாடசாலை விட்டு நேரே வந்திருந்தார், கையில் சோக்குத் தூள்கூடப் போகவில்லை.

"வேற வீடு இருக்கு சேர்," என்றார். "வேற மாசம் இல்லியே."

மாதத்தின் கடைசி வேலைநாள் வெள்ளிக்கிழமை. புதன்கிழமை திசாநாயக்கவின் மகள் அப்பாவுக்குப் பணம் அனுப்பி வாங்கிய பிரிஜ் வந்தது. இரட்டைக் கதவு, ஆள் உயரம். கடைக்காரர்கள் அதைப் படிக்கட்டின் அடியில் இறக்கிவைத்து, டெலிவரி தரை மட்டம்வரைதான் என்று சொல்லிப் போய்விட்டார்கள். தலைவருக்கு ஒரு தேவையென்றால் சங்கம் சும்மா இருக்குமா? செயலாளர் அந்தோனி, முச்சக்கர வண்டி ஓட்டுபவன், இன்னும் மூன்று பேரைக் கூட்டிவந்தான். பாரம் தூக்கிப் பழகிய தோள்கள். நான் கடைசியாக ஒருமுறை கெஞ்சிப் பார்க்க அப்போதுதான் போய்ச் சேர்ந்தேன்.

மேலே நின்று திசாநாயக்க விசிலால் கட்டளை கொடுத்தார். ஒரு ஊதல் தூக்கு, இரண்டு ஊதல் நில். பிரிஜ் நேராக ஏறியது. திருப்பத்துக்கு வந்தது. திரும்பவில்லை. சரித்தார்கள், கிடத்தினார்கள், நிமிர்த்தினார்கள். கடைசியில் பாறைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆப்புப் போல இறுகி நின்றுவிட்டது. மேலேயும் வராது, கீழேயும் போகாது.

அந்தோனி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அதை மேலும் கீழும் பார்த்தான். தொழில்முறையான பார்வை.

"ஐயா," என்றான் மெல்ல, "பொட்டி இத விட நீளம்."

"எந்தப் பொட்டி?" பிரிஜ்ஜுக்கு அப்பாலிருந்து தலைவரின் குரல் வந்தது.

அந்தோனிக்கு ஒரு நாகரிகம் உண்டு. உயிரோடு இருப்பவர்களிடம் அளவு பேசமாட்டான். காலால் படியைத் தேய்த்தான். "நம்ம பொட்டிதான் ஐயா."

பிரிஜ்ஜுக்கு மேலாக ஒரு கை நீண்டு அதன் அகலத்தைச் சாண் போட்டுப் பார்த்தது.

"நிமித்தி வெச்சு எறக்கலாம்தானே?" என்றார் திசாநாயக்க.

"பிரிஜ்ஜையா ஐயா, ஒங்களயா?"

அந்தக் கணத்தில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அந்த வீட்டில் அதுவரை யாரும் சாகவில்லை. அலுமாரி, கட்டில் எல்லாம் சண்டைக்கு முன்னரே நோனாவின் வளவு வழியாகப் பின்கதவால் வந்தவை. படிக்கட்டால் ஏறலாம், இறங்கலாம், குடை பிடித்துக்கொண்டுகூட இறங்கலாம். படுத்துக்கொண்டு இறங்க முடியாது. ஒழுங்கையில் எல்லோரையும் நேரத்துக்கு அனுப்பிவைத்த ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தாம் புறப்பட லைன் இல்லை.

அதைவிட உடனடியான சங்கடம் ஒன்றும் இருந்தது. பிரிஜ் நின்ற இடம் அவர் வீட்டின் ஒரே வழி. பின்பக்கத்தால் வரச் சொன்னோம். சபதத்தை நினைவூட்டினார். கதவைக் கழற்றி பிரிஜ்ஜை வெளியே எடுக்கிறோம் என்றான் அந்தோனி. திருகாணியைத் தொட்டால் உத்தரவாதம் போய்விடும் என்றார். அன்று மதியச் சோறும் மாலை றோஸ்பாணும் பிரிஜ்ஜின் தலைக்கு மேலால் கைமாறின. உள்ளே வைக்க வேண்டிய சாப்பாடு மேலே வைக்கப்பட்டதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, தலைவர் மேல் உள்ள மரியாதையால்.

வியாழன் காலை டீச்சரை அழைத்துக்கொண்டு போனேன். அவர் அரைநாள் லீவு போட்டிருந்தார். பிரிஜ்ஜுக்கு மேலே ஸ்டேஷன் மாஸ்டரின் தலை மட்டும் தெரிந்தது, நன்றாக வாரியிருந்தது.

"வணக்கங்க ஐயா. வீடு வாங்க வந்திருக்கேன்."

தலை அவரை ஆராய்ந்தது. "காலையில எத்தன மணிக்கு எந்திரிப்பீங்க?"

"அஞ்சுக்கு."

"நான் ஆறுக்கு விசில் ஊதுவேன். கொரங்குக்கு."

"ஊதுங்க."

"பொலிசுக்குப் போவீங்களா?"

டீச்சர் சிரித்துவிட்டார். "ஐயா, விடியமுந்தி பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தப்பு மோளம் அடிச்சு, அந்தச் சத்தத்தில எந்திரிச்சு வளந்த புள்ளைக நாங்க. ஒங்க விசில் எனக்குத் தாலாட்டுங்க."

"எந்தத் தோட்டம்?"

டீச்சர் சொன்னார்.

"அந்தத் தப்புச் சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் என் ஸ்டேசன் வரைக்கும் கேக்கும்," என்று ஒருவகைப் பொறாமையோடு சொன்னார் திசாநாயக்க.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். பாதை உரிமை என்பது ஒருபக்கம் மட்டும் போக வேண்டியதில்லை. நீங்கள் முன்பாதையை எழுதிக்கொடுங்கள், அவர்கள் உங்கள் பின்கதவிலிருந்து வளவு வழியாக ஒரு பாதையை எழுதித் தருவார்கள், காணிக்குக் காணி, பரிமாற்றம் என்றேன்.

அவர் ஒருமுறை திரும்பித் தம் வீட்டைப் பார்த்தார். "ஒரு கண்டிசன். செத்த பொறகு மட்டுந்தான். உயிரோட அந்த வளவுல கால் வைக்க மாட்டேன். அதையும் எழுதணும்."

"எழுதலாம்," என்றேன். என் தொழிலில் இதைவிட மோசமானவற்றையெல்லாம் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் வளவு இன்னும் வயலட் நோனாவினுடையது. அவர் சம்மதிக்க வேண்டும். அவரை எப்படி அணுகுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, சனக்கூட்டத்தைக் கண்டு அவரே பாதைக்கு வந்துவிட்டார். தாதி அல்லவா, கூட்டம் என்றால் கால் நிற்காது.

"அந்தோனி, யார் செத்தது?"

"யாருமில்ல நோனா. பிரிஜ்."

நோனா தலையை உயர்த்திப் பார்த்தார். பிரிஜ்ஜுக்கு மேலே இருந்த தலை மெல்லக் கீழே இறங்கப் பார்த்தது. பிறகு, ஆண்பிள்ளை அல்லவா, நின்றது. பல வருடங்களுக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகளை நான் நேரில் கேட்டேன்.

"நோனா, நான் செத்த பொறகு ஒங்க வளவால போகணும்."

"எப்ப?" என்றார் நோனா.

"அவசரமில்ல."

நோனா கணக்குப் பார்த்தார். "நான் ஞாயிற்றுக்கிழமை நீர்கொழும்புக்குப் போறேன். அதுக்குப் பிறகு எப்ப வேணும்னாலும் சாகலாம்." திரும்பி நடந்தவர் நின்று, "அதுவரைக்கும் விசில் ஊதக்கூடாது," என்றார்.

"சனி வரைக்கும்," என்றது தலை.

"ஞாயிறு காலையும் நான் இங்கதான் தூங்குவேன்."

"சரி. ஞாயிறு பத்து மணி வரைக்கும்."

ஒப்பந்தம் முடிந்தது. சுவரிலும் பாறையிலும் சவர்க்காரத்தைக் கரைத்து ஊற்றினார்கள். கீழிருந்து நால்வர் இழுத்தார்கள், மேலிருந்து தலைவர் முதுகு கொடுத்துத் தள்ளினார். பிரிஜ் ஒரு பெருமூச்சோடு விடுபட்டது. முள்ளுக்கம்பியை வெட்டினார்கள். அந்தோனியும் மற்றவர்களும் பிரிஜ்ஜைத் தோளில் ஏற்றிக்கொண்டு, முன்பாதையால் நோனாவின் வளவுக்குள் நுழைந்து பின்கதவை நோக்கிப் போனார்கள். பழக்கதோஷம், நால்வருக்கும் கால் தானாகவே மெதுவாகி ஒன்றாக விழுந்தது. எதிரே வந்த மீன்காரர் சைக்கிளை விட்டு இறங்கித் தொப்பியைக் கழற்றினார். கோடியிலிருந்த கடைக்காரர் யாரென்று தெரியாமலேயே ஒரு கதவைச் சாத்தினார். "வெளிய கொண்டுபோய்த்தான் பழக்கம் சேர்," என்று கடந்துபோகையில் அந்தோனி என்னிடம் முணுமுணுத்தான், "உள்ள கொண்டுபோறது இதான் மொதத் தடவ."

அதன்பிறகு நடந்ததெல்லாம் நடைமுறை, அதாவது ஓட்டம். சர்வேயரை அன்று மதியமே பிடித்து இரண்டு பாதைகளையும் பிளானில் குறிக்கவைத்தேன். நொத்தாரிசு ஓர் இளம் பெண். உறுதியை எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை நிறுத்தினார். "சேர், உரிமையை அனுபவிக்கிறவர் உயிரோட இருக்கணுமே?"

"உரிமை ஆளுக்கில்லை மகள், காணிக்கு," என்றேன். "காணி சாகாது." லத்தீனில் ஒரு வரியும் சொன்னேன். அது சரியான வரியா என்று எனக்கே சந்தேகம், ஆனால் மேசையில் வேறு யாருக்கும் லத்தீன் தெரியாது.

"மேற்படி உரிமை பூதவுடலுக்கும் அதனுடன் செல்வோருக்கும் மாத்திரமே" என்று எழுதி வாசித்தார். திசாநாயக்க, "உயிருடன் அல்ல என்றும் போடுங்க" என்றார். போட்டார். வெள்ளி காலை நோனாவும் அவரும் ஒரே மேசையில் கையெழுத்திட்டார்கள். காணிப் பதிவுக் கந்தோரில் அன்றே நாளேட்டில் ஏற்றினேன். வங்கிச் சட்டத்தரணி உறுதியை இரண்டு தடவை வாசித்தார். இரண்டாவது தடவை ரசித்து வாசித்தார். வங்கி மூடுவதற்கு முன்னால் டீச்சர் தம் கையெழுத்தைப் போட்டார். பேனையை மூடாமல் அப்படியே கொஞ்சநேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் குடிவந்து பால் காய்ச்சிய அன்று என்னையும் அழைத்திருந்தார். பால் அடுப்பில் இருந்தது. அதற்குமுன் ஒரு வேலை இருக்கிறது என்று ஒரு பலகையைக் கொண்டுவந்தார். கண்டியில் சொல்லிச் செய்தது. வீட்டு இலக்கமும், கீழே அவருடைய பெயரும். வேறு யாருடைய பெயரும் இல்லை. முன்சுவரில் அடிக்க வேண்டும். நான் ஆணியைப் பிடித்தேன், அவர் சுத்தியலை எடுத்தார், இருவரும் சேர்ந்து அதைக் கோணலாக அடித்தோம்.

"வலது பக்கம் எறங்குது!"

திசாநாயக்க தம் பின்கதவடியில், எல்லைக்கு அந்தப் பக்கம், காலை இழுத்துவைத்துக்கொண்டு நின்றார். அழைப்புக்கு மதிப்புக் கொடுத்து எல்லைவரை வந்திருந்தார்.

தூக்கினேன்.

"ரொம்பத் தூக்கிட்டீங்க. கொஞ்சம் எறக்குங்க. அதில்ல, இடது. மிஸ்டர் பெனடிக்ட், அது ஸ்டேசன் போர்டுன்னா ஆளுங்க கழுத்தச் சரிச்சுத்தான் ஊர் பேர வாசிக்கணும்! ஆணியப் புடுங்குங்க. புடுங்கிட்டு... அப்படியில்ல. குடுங்க, குடுங்க இங்க."

வந்தார். சுத்தியலை வாங்கினார். ஆணியை வாயில் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, பின்னால் இரண்டடி போய்ப் பார்த்து, முன்னால் வந்து, நான்கே அடியில் அடித்து முடித்தார். பலகை நேராக நின்றது. டீச்சர் அதன்முன் நின்று, வாய்க்குள் இலக்கத்தையும் பெயரையும் ஒருமுறை வாசித்தார். பிறகு பால் நினைவுக்கு வந்து உள்ளே ஓடினார்.

சுத்தியலை என்னிடம் திருப்பித் தரும்போதுதான் திசாநாயக்க கீழே பார்த்தார். இரண்டு காலும் வளவின் நடுவில்.

"மிஸ்டர் பெனடிக்ட்," என்றார் தாழ்ந்த குரலில், "உறுதிப்படி இப்ப நான்..."

"உறுதிப்படி நீங்கள் இறந்துவிட்டீர்கள்," என்றேன். நான் எழுதவைத்த உறுதி. அதை நானே மீறிப் பேச முடியாது.

பால் பொங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு டீச்சர் ஒரு கதிரையைத் தூக்கி வந்து வாசலில் போட்டார். உள்ளிருந்து எல்லாம் கேட்டிருக்க வேண்டும்.

"உக்காருங்க ஐயா. செத்தவங்களுக்கு டீ குடுக்கக்கூடாதுன்னு உறுதியில இல்லியே?"

திசாநாயக்க என்னைப் பார்த்தார். இல்லை என்று தலையசைத்தேன். கதிரையின் காலை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"சீனி கொஞ்சம் கொறச்சுப் போடுங்க டீச்சர்," என்றார். "எனக்குச் சுகர் இருக்கு."